ரெட்டைக்கல்லுக்குக் கீழே

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. கரையிலிருந்து கல்லெறி தூரம்தான். ஓர் ஆள் தோள்மேல் இன்னோர் ஆள் ஏறி நின்றால் எவ்வளவோ அவ்வளவு உயரம். இரண்டையும் சேர்த்துக் குறுக்கே இரண்டு கல்சட்டங்கள், உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று. ஊரில் அதற்கு ரெட்டைக்கல் என்று பெயர். கண்மாய் நிறைந்திருக்கும்போது தலை மட்டும் தெரியும். நீர்க்காக்கை உட்கார்ந்து சிறகைக் காயப்போடும். கோடையில் மொத்தமும் வெளியே வந்து, வெடித்த சேற்றின் நடுவே, கதவும் சுவரும் இல்லாத வாசல்நிலை மாதிரி நிற்கும்.

அதற்குக் கீழே புதையல் இருக்கிறது என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சண்டை அளவில்தான். ஏழு கொப்பரைத் தங்கம் என்று ஒரு கட்சி. ஒரே பெட்டி, ஆனால் பெரிய பெட்டி என்று இன்னொரு கட்சி. முனி காவல் இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். யாரும் நிறுத்தவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து, முழுப்பரீட்சை அன்று பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினேன்; பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பயம் எனக்குக் கூடப்பிறந்தது. கேஸை மூடினேனா என்று அரிமளம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும். அது தெரிந்தும் திரும்பி வருவேன்.

அப்படிப்பட்டவளுக்குப் புதையல் தேடுகிற புருஷன் வாய்த்தார். சவுதியில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்ட என் வீட்டுக்காரருக்குப் பொழுது போகவில்லை. செல்போனில் எவனோ ஒருத்தன் எந்த ஊரிலோ புல்வெளியில் குச்சியை நீட்டிக்கொண்டு நடப்பதையும், அது கத்தியதும் குனிந்து காசு பொறுக்குவதையும் நாள் முழுக்கப் பார்த்தார். ஒருநாள் கொரியர்காரர் நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"இது என்னங்க, மாப்பா? வீடு தொடைக்கப் போறீங்களா?"

"மெட்டல் டிடெக்டர். தங்கம் இருந்தா கத்தும்."

"தங்கம் இல்லாட்டி?"

"அப்பவும் கத்தும்" என்றான் என் தம்பி. டாடா ஏஸ் ஓட்டுகிறவன், பக்கத்துத் தெருவில் இருக்கிறான். மச்சான் எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்கும்போது வந்து நிற்பான்.

அவன் சொன்னதுதான் நடந்தது. வாய்க்கால் ஓரம், களத்துமேடு, காய்ந்த கண்மாய் என்று இரண்டு பேரும் அந்தக் கோடையில் சுற்றி வந்தார்கள். மிஷின் கத்திய இடத்தையெல்லாம் கொத்தினார்கள். வலையில் கட்டுகிற ஈயக் குண்டு, மாட்டு மணியின் நாக்கு, மண்ணெண்ணெய் விளக்கின் திரிமூடி, பிடி இல்லாத அரிவாள், சாவி இல்லாத ஒரு பூட்டு. அவர் சலித்துப்போய்க் குப்பையில் வீசுவார். நான் பொறுக்கிக் கழுவி ஜன்னல் மேடையில் வைப்பேன். எனக்கு அதெல்லாம் பார்க்கப் பார்க்க யோசனை ஓடும். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கண்மாய்க்குள் யார் எதைப் பூட்டினார்கள்? சண்டை போட்டுக்கொண்டு எறிந்ததா, திருடன் உடைத்து எறிந்ததா? உடைத்தால் பூட்டியபடி எப்படி இருக்கும்? கஞ்சி பொங்கி வழிவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிறகு ஒருநாள் ரெட்டைக்கல்லின் காலடியில் ஓர் அம்மன் காசு கிடைத்தது. மிளகு கொஞ்சம் சப்பையானால் எப்படியோ அந்த அளவு செம்பு. ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பது நகத்தால் தடவினால் தெரிந்தது. புதுக்கோட்டை ராஜா காலத்தில் நம் சீமைக்குள் மட்டும் செல்லுபடியான காசு, மியூசியத்தில் பார்த்திருக்கிறோம். மீன் பிடிக்க வந்தவர் மடியிலிருந்து விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றியது வேறு.

"ஒண்ணு உதுந்து கெடக்குன்னா மூட்டை பக்கத்துல இருக்குன்னு அர்த்தம் மாப்ள."

"வேண்டாங்க" என்றேன். "புதையல் எடுத்தா கலெக்டருக்குச் சொல்லணும். சொல்லாட்டி போலீசு புடிக்கும்."

"எடுத்தாத்தானடி சொல்லணும்? மொதல்ல இருக்கான்னு பாத்துக்கிருவோம்."

அந்தக் கோடையில் கண்மாய் வண்டலை வயலுக்கு அள்ளிக்கொள்ளலாம் என்று பர்மிஷன் கொடுத்திருந்தார்கள். கண்மாய் முழுக்க டிராக்டர். அதனால் ராத்திரியில் ஒளிந்து தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் பெயருக்கும் ஒரு பர்மிஷன் வாங்கி, பட்டப்பகலில், எல்லோரும் மண் அள்ளும்போது ரெட்டைக்கல் காலடியில் மண் அள்ளினார்கள். ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி மட்டும் என்னை நிறுத்திக் கேட்டாள்:

"ஏத்தா, கம்மா முச்சூடும் மண்ணு கெடக்கு. ஒங்க வீட்டுக்காரருக்கு ரெட்டைக்கல்லு மண்ணுதான் இனிக்குதாக்கும்?"

எனக்குப் போலீஸ் பயம் ஒரு பக்கம், முனி பயம் ஒரு பக்கம். ஆனால் அடிவயிற்றில் இருந்தது வேறு பயம். எங்கள் பூமி வானம் பார்த்த பூமி. கண்மாய் ஒருதரம் நிறைந்தால் ஒரு போகம். தவறினால் அந்த வருஷம் கடையரிசிதான், எங்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கே. கரைக்கு அந்தப் பக்கம் முதல் வயல் எங்களுடையது. கரைக்கு ஒன்று என்றால் முதலில் போவது அதுதான். கண்மாய்க்குள் யார் எந்தக் குழி வெட்டினாலும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இடுப்பளவு தோண்டியதும் கடப்பாரை கல்லில் இடித்தது. சுற்றிலும் மண்ணை விலக்கினால், தூண்கள் இரண்டுக்கும் நடுவில் படுக்கையாய் ஒரு பெரிய கல்பலகை. அதன் மத்தியில் தேங்காய் நுழைகிற அளவுக்கு வட்டமாய் ஒரு துளை. துளையில் களிமண் அடைத்திருந்தது. என்னைக் கூட்டிவரத் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

என் வீட்டுக்காரர் அந்தத் துளையைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"பாத்தியா? உண்டியலு. மேல இருந்து காசப் போட்டுக்கிட்டே இருந்திருக்கான் ராஜா."

"ராஜா எதுக்குங்க கம்மாய்க்குள்ள வந்து உண்டியல் போடுறாரு?"

"வீட்டுல வெச்சா பொண்டாட்டி கேள்வி கேப்பால்ல."

பலகையைக் கடப்பாரையால் நெம்பி ஒரு பக்கமாய் நகர்த்தினார்கள். கீழே கல்லால் கட்டிய தொட்டி, இரண்டு பேர் குந்தி உட்காரலாம். உள்ளே முழுக்கக் களி. நான் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தேன். கண்மாய் வண்டல் உதிரும்; இது உதிரவில்லை. வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் கையோடு ஒட்டியது. நடுவே மக்கிய வைக்கோல் இழை.

"இது தானா வந்த மண்ணு இல்லீங்க. யாரோ மிதிச்சுக் கொழச்சு வேணும்னே அடைச்சிருக்காங்க."

"பின்ன? பொதையல தெறந்தா போட்டு வெப்பான்?"

சில நாள் அந்தக் களியையே வெட்டி வெட்டி வண்டியில் ஏற்றினார்கள். தொட்டி காலியானது. ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. ஆனால் கரையைப் பார்த்த பக்கத்துச் சுவரில் சதுரமாய் ஒரு வாய் இருந்தது, அதிலும் களி. அதைக் குத்திக்கொண்டே போனதில், கை நீளத்துக்கு அப்பால் கடப்பாரை சட்டென்று வெறும் இடத்துக்குள் போனது. டார்ச் அடித்தால் இரண்டு பக்கமும் கல், மேலே கல், வெளிச்சம் எட்டுமட்டும் நேராய்ப் போகிறது.

"சொரங்கம்" என்றான் தம்பி. "திருமயம் கோட்டைக்குப் போற சொரங்கம்."

எங்கள் பக்கத்தில் எந்தப் பொந்தைக் கண்டாலும் அது திருமயம் கோட்டைக்குத்தான் போகும். என் மாமனார் வீட்டுக் கிணற்றில் ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள்.

மறுநாள் மத்தியானம் அவர்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து போனால் முதலில் எங்கள் வயல், பிறகு கரை ஏறி இறங்கிக் கண்மாய். வயலும் கரையும் சேர்கிற இடத்தில் ஒரு பனைமரமும், காரைமுள் புதரும், யாரும் எடுக்காமல் கிடக்கிற நாலைந்து கல்லும் உண்டு. அதைத் தாண்டும்போது என் காலடியிலிருந்து பேச்சுக் குரல் வந்தது.

நின்றுவிட்டேன். கரைமேல் பார்த்தேன், ஆள் இல்லை. வயலில் இல்லை. குரல் மண்ணுக்குள்ளிருந்துதான் வந்தது. தூக்குவாளியைக் கீழே வைத்தேன். முனி என்றே நினைத்தேன். அப்புறம் முனி பேசுவது விளங்கியது.

"பாதின்னா பாதிதான் மாப்ள, எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா மிசினு என்னுது, அத யோசிச்சுக்க."

"மிசினு ஒங்களது. வண்டி யாருது? முதுகு யாருது?"

"சரி சரி. மெதுவா குத்து."

"என்ன கெடைச்சாலும் அக்காவுக்குச் சொல்லாதீங்க மச்சான். பயந்துபோய் ஊரக் கூட்டிரும்."

பயம் போன இடம் தெரியவில்லை. புதருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வாயை வைத்து, "நான் இங்கிட்டுத்தான்டா நிக்கிறேன்!" என்று கத்தினேன்.

உள்ளே சத்தம் நின்றது. கடப்பாரை விழுகிற ஓசை. அப்புறம் ஒன்றுமே இல்லை. நான் கரைமேல் ஏறிப் பார்த்தபோது, இரண்டு பேரும் குழிக்கு வெகுதூரத்தில், கண்மாயின் நடுவில் நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"கிட்டப் போகாத!" என்று கையை ஆட்டினார். "முனி பேசுது. பொம்பளக் கொரலு!"

"நாந்தாங்க பேசுனேன்."

நம்பவைக்கக் கொஞ்சநேரம் பிடித்தது. தம்பியைத் தொட்டிக்குள் இறக்கி அந்தச் சதுர வாய்க்குள் பேசவிட்டு, அவரை வயல் பக்கம் கூட்டிவந்து கேட்கவைத்தேன். முள்ளை வெட்டி, கல்லைப் புரட்டி, மண்ணை விலக்கியதும் இந்தப் பக்கமும் அதே மாதிரிச் சதுர வாய் தெரிந்தது. திருமயத்துக்குப் போக வேண்டிய சுரங்கம் கரைக்கு அடியில் புகுந்து எங்கள் வயலில் முடிந்திருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உட்கார முடியவில்லை. ராஜா தன் உண்டியலிலிருந்து எங்கள் வயலுக்கு எதற்குக் குழாய் விட வேண்டும்? திரும்பக் கண்மாய்க்குள் போய் ரெட்டைக்கல்லின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த கல். குறுக்குச் சட்டங்கள் இரண்டிலும் நடுவில் துளை இருந்தது இதற்குமுன் என் கண்ணில் பட்டதில்லை.

"தம்பி, ஒரு கயித்துல கல்லக் கட்டி மேல இருந்து விடுடா."

அவன் தூணில் தொற்றி ஏறி, உச்சிச் சட்டத்தின் துளை வழியாக விட்டான். கல் ஆடி ஆடி நின்று, நடுச் சட்டத்துத் துளைக்குள் நுழைந்தது. அதற்குள் அவரும் எழுந்து வந்திருந்தார்; நானும் அவருமாய்ப் பலகையைக் கடப்பாரையால் நெம்பிப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். கயிற்றை இன்னும் இறக்கச் சொன்னேன். நேராய் அந்த உண்டியல் துளைக்குள் போய் இறங்கியது.

உரல் மேல் உலக்கை நிற்பது மாதிரி இருந்தது. நீளமாய் ஒரு கம்பு இந்த மூன்று துளையிலும் நின்றிருக்கும். அடியில் துளையை அடைக்கிற மூடி. யாரோ நீந்தி வந்து, தூணில் ஏறி, கம்பைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் விழும். தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் வயலுக்கு ஓடும். மூடி சிக்கிக்கொண்டால் முங்கித்தான் பிடுங்க வேண்டும்.

"ஏங்க, இது உண்டியலு இல்லீங்க. மடை. இப்ப இருக்கிற ஷட்டர் மடைக்கு முந்தின மடை."

அவர் வெகுநேரம் மேலேயும் கீழேயும் பார்த்தார். "அடப்பாவி" என்றார். யாரை என்று தெரியவில்லை. அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜன்னல் மேடையில் இருந்த பூட்டு என்னைத் திணறடித்தது. இந்தப் பூட்டு திறந்துகொண்டது. ஆனால் என் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி.

"அப்ப நாம வெட்டி எடுத்த களி?" என்றேன்.

புது மடை கட்டியபோது பழைய மடை ஒழுகாமல் இருக்க நம் ஊர் ஆட்கள்தான் மிதித்துக் குழைத்து அடைத்திருக்கிறார்கள். அதை மறந்தும் போயிருக்கிறார்கள். அந்த அடைப்பை நாங்கள் வண்டி வண்டியாய் அள்ளி வயலில் கொட்டிவிட்டோம். இப்போது கண்மாய்த் தண்ணீருக்கு, கரைக்கு அடியில், கல் பாவிய ராஜபாட்டை திறந்திருக்கிறது. கண்மாய்க்கு மேற்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.

"அள்ளுன மண்ண உள்ள தள்ளி மேல பலகையப் போட்டுட்டுப் போயிருவோம்" என்றான் தம்பி. "யாருக்கு என்ன தெரியும்?"

"பொலபொலன்னு தள்ளுனா தண்ணி அரிச்சுத் தள்ளிரும்டா. எலி வளையில உடைஞ்ச கரை இருக்கு. கம்மாய்ச் சங்கத் தலைவர்ட்ட சொல்லுவோம்."

"ஊரு சிரிக்கும்டி" என்றார் அவர். குரல் பாவமாய் இருந்தது. "சவுதியில சம்பாரிச்சது பத்தாம கம்மாய நோண்டுனான்னு எம் பேரக் கெடுப்பாங்க."

"கெடுக்கட்டும். கார்த்திக மழையில கரை போனா என்னங்க செய்வீங்க?"

கணக்குப் பரீட்சைக்குப் பயந்து பஸ்ஸை விட்டவள், கண்மாய்ச் சங்கத் தலைவர் வீட்டு வாசலில் காலையில் முதல் ஆளாய் நின்றேன். உள்ளங்கை ஈரத்தைப் புடவையில் துடைத்துத் துடைத்து, பாதியை முழுங்கி முழுங்கிச் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் பின்னால் ஊரே வந்தது. தொட்டியை எட்டிப் பார்க்க வரிசை நின்றார்கள். பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏத்தா, ஏழு கொப்பரையில ஒண்ண மட்டுமாச்சும் எங்களுக்குக் காட்டக் கூடாதா?"

"காதுல கெடக்கிறது புதுசா இருக்கே, ராஜா தோடா?"

ஆடு மேய்க்கிற அக்கா, "நான் அப்பவே கேட்டேன், மண்ணு இனிக்குதான்னு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பனைமரத்தடியில் நின்றார். தலைவர் தொட்டிக்குள் இறங்கி, ஏறி, கயிறு விட்டுப் பார்த்து, வயல் பக்கம் போய்க் குனிந்து பார்த்து வந்தார். திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். திட்டினார். ஆனால் நடுநடுவே, "எப்படி நட்டிருக்கான் பாருங்க, ஒரு நூலு பெசகல" என்று திட்டை மறந்துவிடுவார். கடைசியில், மழைக்குமுன் அடைக்க வேண்டும், முழு வேலையும் எங்கள் குடும்பத்துடையது என்று முடிவு சொன்னார்.

சிமெண்ட் வைத்து அடைக்கலாம் என்று கொத்தனார் ஒருத்தர் சொன்னார். சிமெண்ட் கல்லைவிட்டுப் பிரியும், களிதான் கவ்வும் என்று இன்னொருத்தர். அரைநாள் சண்டை போட்டுக் களி ஜெயித்தது. நாங்கள் மூன்று பேரும் களியும் வைக்கோலும் போட்டு மிதிக்க ஆரம்பித்தோம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கால் சும்மா இருக்காமல் அவர்களும் இறங்கினார்கள். சுரங்க வாய்க்குள் ஓர் ஆள் நீளத்துக்குக் களியைத் திணித்து இடித்தோம். பிறகு தொட்டியை நிரப்பிப் பலகையைப் போட்டு அதன் மேலும் இடித்தோம். வயல் பக்கத்து வாயை மட்டும் அடைக்க வேண்டாம் என்றார் தலைவர். கசிந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மூடுவதற்குமுன், தூணின் அடியில் இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த பாகத்தைத் தம்பி கழுவினான். எழுத்து தெரிந்தது. கோழி கிண்டினது மாதிரிச் சில வரிகள். போட்டோ எடுத்து, அரிமளத்தில் எங்களுக்குத் தெரிந்த டீச்சருக்கு அனுப்பினோம். அவர் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, சில நாளில் பதில் சொன்னார். இந்தக் குமிழியை இன்னார் செய்து வைத்தார் என்ற அளவுக்குத் தெரிகிறதாம். குமிழி என்றுதான் அந்தக் காலத்தில் இந்த மாதிரி மடைக்குப் பெயராம். எழுத்து பல நூறு வருஷத்துப் பழசு. பெயரில் பின்பாதி தேய்ந்துபோனது.

முன்பாதி மட்டும் கிடைத்தது ஊருக்கு வசதியாய்ப் போயிற்று. ஒவ்வொரு பங்காளிக் கூட்டமும் தங்கள் முப்பாட்டன் பெயரை அதில் ஒட்டிப் பார்த்தது. எல்லாமே பொருந்தியது. என் வீட்டுக்காரர் மட்டும், "பேர வெட்டுன ஆளு கீழ நாலு காசப் போட்டு வெச்சிருக்கலாம்" என்றார். ஆனால் மிஷினைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டு, இப்போதெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த ஊர்க் கண்மாய்களில் கல் நிற்கிறதா, துளை இருக்கிறதா என்று பார்த்து வருகிறார். எங்கும் நிற்கிறதாம். எல்லா ஊரிலும் அதற்குக் கீழே புதையல் இருக்கிறதாம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ரெட்டைக்கல்லின் காலடி முழுகியது, இடுப்பு முழுகியது. விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு வயல் பக்க வாயைப் போய்ப் பார்ப்பது என் வேலையாயிற்று. காய்ந்து கிடக்கும். திரும்பி வருவேன். நடுச் சட்டம் முழுகின மறுநாள், வாயின் கல் நனைந்திருந்தது. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் விரல் கனத்துக்குத் தண்ணீர் இழைந்து வந்துகொண்டிருந்தது.

தலைவருக்குப் போன் போட்டேன்.

"கலங்கலா, தெளிஞ்சதா?" என்றார்.

"தெரியலீங்கய்யா, மழையில எல்லாமே கலங்கலாத்தான் இருக்கு."

"ஒரு பாத்திரத்துல புடிச்சு வெச்சுப் பாரும்மா. கலங்கி வந்தா மண்ண அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், ஆளுகளோட வாரேன். தெளிஞ்சு வந்தா களி ஊறுது, அம்புட்டுத்தான். தானா இறுகிக்கிரும்."

வீட்டுக்கு ஓடிக் கண்ணாடி டம்ளர் எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்துவிட்டார். கசிகிற இடத்தில் டம்ளரை வைத்துப் பிடித்தேன். நிறைய வெகுநேரம் ஆனது. அவர் குடையை டம்ளருக்கு மேல் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் நனைந்தோம். பனைமரத்தடியில் கல்மேல் வைத்து, அடியில் மண் படிகிறதா என்று குந்தியிருந்து பார்த்தோம்.

"ஏங்க, தண்ணிக்குள்ள முங்கி மூடியப் புடுங்கினவன் யாரா இருப்பான்? பயந்திருக்க மாட்டானா?"

"பயந்தவன் ஏன் முங்கப் போறான்?"

"பயந்துக்கிட்டேதான் முங்கியிருப்பான்" என்றேன்.

டம்ளரில் தண்ணீர் அசைவு நின்றது. அந்தப் பக்கத்து வரப்பும், அவர் விரலும் அதன் வழியே தெரிந்தன. அடியில் ஒன்றும் படியவில்லை. இன்னும் கொஞ்சநேரம் பார்க்கலாம் என்றேன். பார்த்தோம். அப்போதும் படியவில்லை. தலைவருக்குப் போன் போட்டுத் தெளிந்த தண்ணீர்தான் என்று சொன்னேன். "அப்பப் போயி நாத்தப் பாவுங்க" என்று வைத்துவிட்டார்.

நாற்றுப் பாவினோம். கசிவு தை வரைக்கும் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெளிந்ததுதான் என்று தெரிந்தும் நான் தினம் டம்ளரோடு போய்க்கொண்டுதான் இருந்தேன்.